பூட்டிய வீட்டில் அணில்பிள்ளை

அம்மாவின் மூட்டு அறுவைக்காகத் தென்காசிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டை நான்கு மாதம் பூட்டிப் போட்டிருந்தோம். பங்குனியில் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூத்திர நெடி முகத்தில் அடித்தது. “எலி வந்திருக்கு” என்றேன். அடுப்படியை எட்டிப் பார்த்த அம்மா, “எலி இல்லப்பா, அணில்பிள்ளை” என்றாள். அவள் குரலில் துளி எரிச்சல் இல்லை. உறவுக்காரர் யாரோ வந்து தங்கியிருப்பதுபோலச் சொன்னாள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் துளைக்குள் கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார், தலையணைப் பஞ்சு, அம்மாவின் பழைய நூல்சேலைக் கிழிசல். உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள். கூட்டோடு எடுத்து வேப்பமரக் கவட்டில் வைத்துவிடலாம் என்று ஸ்டூலில் ஏறிக் கையை விட்டேன். தாய் உள்ளேயே இருந்திருக்கிறது. ஆட்காட்டி விரலில் சுருக்கென்று பல் இறங்கியது.

குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். பிறகு டாக்டரிடம் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். என் பயம் ரேபிஸ்தான். அணில், எலி போன்ற சிறு கொறிப்பன அந்தக் கிருமியோடு இருப்பது மிக மிக அரிது என்றும், நம் நாட்டில் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் அது வருகிறது என்றும் டாக்டர் விளக்கினார். “ஆனா கடிபட்டா கழுவாம, காட்டாம இருந்துராதீங்க” என்றார்.

இவ்வளவோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்த தங்கை மகன், “மாமா, தண்ணி நாறுது” என்றான். மாடிக்கு ஓடினேன். காற்றில் டேங்கின் மூடி நகர்ந்து கிடந்தது. உள்ளே ஓர் அணில் ஊதி மிதந்தது. தாகத்துக்கு இறங்கியிருக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் நகம் பற்றாது. எத்தனை நேரம் நீந்திச் சுற்றிவந்ததோ தெரியவில்லை. அதை எடுத்துப் புதைத்தபோது அதன்மேல் இரக்கம் வந்தது; பையனை நினைத்ததும் வயிறு கலங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

டேங்கை வடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட்டுப் பழைய தண்ணீரை வெளியேற்றினோம். இப்போது என் பயம் எலிக்காய்ச்சல். அதன் பெயரில்தான் எலி இருக்கிறது. அந்தக் கிருமி எலியிடம் மட்டுமல்ல, வேறு பல பிராணிகளின் சிறுநீரிலும் வரும். தண்ணீரில் கலந்து, தோலில் இருக்கும் சிறு வெட்டு வழியாகவோ வாய், கண் வழியாகவோ உடம்பில் ஏறும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பெரும்பாலும் தெரியும். ஒரு மாதம்வரை தள்ளியும் போகலாம். தங்கை தினமும் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முப்பது நாளும் வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை.

மோட்டார் வயரைச் சரிபார்க்க வந்த எலெக்ட்ரீசியன் ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு வெளியே தெரிவதைக் காட்டினார். கொறிக்கும் பிராணியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்காவிட்டால் அதனால் வாய் மூட முடியாது. அதற்கு வயரும் ஒன்றுதான், மாங்கொட்டையும் ஒன்றுதான். 2021 ஜூனில் அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று சொன்னபோது ஊரே சிரித்தது. அணிலின் உடம்பு இரண்டு கம்பிகளைத் தொட்டாலோ, கம்பியையும் மின்கம்பத்தின் இரும்புக் கையையும் சேர்த்துத் தொட்டாலோ அதன் வழியாக மின்சாரம் பாயும். அணில் செத்து விழும், லைனும் போகும். அந்தச் செம்பைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை.

இதே சேதத்தை எலி செய்திருந்தால் அன்றைக்கே பொறி வைத்திருப்போம். ராமர் தடவியதாகச் சொல்லும் மூன்று கோடுகள்தான் அணிலைக் காப்பாற்றுகின்றன. அது காப்பாற்றப்பட வேண்டியதுதான். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைச் சொல்லும்போது எலியையும் மூவரி அணிலையும் அடுத்தடுத்தே வைக்கிறது. இரண்டுக்கும் பிறப்பது குட்டிதான். குறுந்தொகையில் அணிலாடு முன்றிலார் என்று ஒரு புலவர். சொந்தப் பெயர் மறைந்து, பாட்டில் வந்த தொடரே பெயராகிவிட்டது. தலைவன் பிரிந்த பெண்ணின் தனிமைக்கு அவர் காட்டிய உவமை, ஆள் போய்விட்ட வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவது. அதை அழகான காட்சி என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். எங்கள் அடுப்படியில் நின்றபோதுதான் அது எவ்வளவு துயரமான காட்சி என்பது உறைத்தது.

துளையை உடனே அடைக்க அம்மா விடவில்லை. அவள் சொன்னது சரி. அடைத்திருந்தால் தாய் வெளியில் நிற்க, குட்டிகள் உள்ளேயே மாட்டிச் செத்திருக்கும். குட்டிகள் பால் மறக்கப் பத்து வாரம்போல ஆகும். அதுவரை ஃபேன் போடாமல், கொல்லைப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தோம். எல்லாம் வெளியேறிவிட்டன என்று நான்கு நாள் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் இரும்பு வலை அடித்தேன். டேங்க் மூடியைக் கம்பியால் கட்டினேன். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த மாங்கிளையை வெட்டினோம். மோட்டார் வயர் இப்போது இரும்புக் குழாய்க்குள் போகிறது.

அம்மா சோற்றுப் பருக்கையை அடுப்படி ஜன்னலில் வைப்பதை நிறுத்திவிட்டாள். வேப்பமரத்தடிக் கல்லில் வைத்துவிட்டு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள்.