ஐம்பது கெஜக் கோட்டுக்கு எதிரே

ஆகஸ்ட் 7, 2025. இண்டியானாபோலிஸ்

லூகாஸ் ஆயில் அரங்குக்குள் காலையிலிருந்தே டிரம் கோர் இன்டர்நேஷனல் (டிசிஐ) சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்று நடக்கிறது. நானும் அண்ணன் பேத்தியும் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேதான் நின்றோம். களமிறங்கும் முன் ஒவ்வொரு குழுவும் கடைசியாக ஒருமுறை வாசித்துப் பார்க்கும் இடம் அது. பித்தளையும் தாளமும் வாசித்துக்கொண்டே அணிவகுக்கும் இந்த டிரம் கோர் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

ஒன்பது ஸ்நேர் டிரம்காரர்கள் வளைவாக நின்றார்கள். நடுவில் நின்ற பெண் 'டட், டட், டட், டட்' என்று வாயாலேயே தாளம் எடுத்துக் கொடுத்தாள். வலது கையால் எட்டு அடி, இடது கையால் எட்டு அடி. அவ்வளவுதான் பயிற்சி. ஒன்பது குச்சி நுனிகளும் ஒரே உயரம் ஏறி ஒரே நேரத்தில் தோலைத் தொட்டன. கண்ணை மூடினால் ஒரே ஆள் வாசிப்பதாகத்தான் தோன்றும். அவள் சுட்டுவிரலில் சுற்றியிருந்த வெள்ளை டேப் வியர்வையில் கழன்று தொங்கியது, அடி பிசகவில்லை. மே மாதக் கடைசியிலிருந்து பேருந்தில் தூங்கி, பள்ளி ஜிம் தரையில் படுத்து, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் பழகிய கைகள் அவை. இந்தக் கோடை முழுவதும் அவர்கள் உழைத்தது ஏறத்தாழ பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்காக.

பேத்தி பள்ளி பேண்டில் மெலோபோன் வாசிக்கிறாள். இன்று அவள் அதிகம் பேசவில்லை. அது நல்ல அறிகுறி.

ஆகஸ்ட் 8

சாப்பிடும்போது, களத்தில் சிந்தசைசர் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை வந்துவிட்டது.

"அந்த சிந்தசைசர் இல்லேன்னா, பின்னணி இசை இல்லாம படம் பார்க்கிற மாதிரி இருக்கும் சின்னத் தாத்தா" என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை; ஆனால் மாற்றத்துக்கே எதிரியில்லை என்று காட்ட அவளுக்கு 1983-ஐச் சொன்னேன். நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி மைதானம். புழுக்கமான மாலை. அன்றுதான் கார்ஃபீல்ட் கடெட்ஸை முதன்முதலில் பார்த்தேன். அதுவரை இந்தக் குழுக்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்துக் களத்தின் ஐம்பது கெஜக் கோட்டை நடுவாக வைத்து, இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே நிற்கும். கடெட்ஸுக்கு அணிவகுப்பு வரைந்த ஜார்ஜ் ஸிங்காலி அந்தச் சமச்சீரை உடைத்துவிட்டார். வளைவு வந்து இன்னொரு வளைவில் கரையும், எந்த உருவமும் நிலைக்காது, ஓடிக்கொண்டே ஊதுவார்கள். அந்த ஆண்டு அவர்கள்தான் சாம்பியன். 84-லும் 85-லும் அவர்களே.

அப்போது நடுவர்கள் களத்துக்குள்ளேயே நடப்பார்கள். வரிசைக்கு நடுவே புகுந்து, ஸ்நேர் பக்கம் காதைச் சாய்த்து, ஒரு அடி பிசகினால் அட்டையில் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்குப் பத்தில் ஒரு புள்ளி போகும். நூறிலிருந்து கழித்துக்கொண்டே வரும் முறை அது. பிழையில்லாமல் வாசிப்பதே வெற்றி என்றிருந்தால் யார் துணிந்து புதிதாகச் செய்வார்கள்? 1984-இல் அந்த முறை போய், செய்ததற்கு மதிப்பெண் என்று வந்தது. இந்தக் கலைக்கு நேர்ந்த மிகப் பெரிய நன்மை அதுதான் என்பேன்.

வாத்தியமும் மாறியது. அன்று ஊதியவை ஜி சுருதியில் இரண்டே வால்வு கொண்ட பியூகிள்கள். 1990-இல் மூன்றாவது வால்வு வந்தது. 2000-இல் எந்தச் சுருதியிலும் ஊதலாம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் 'டிரம் கோர் செத்தது' என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. மூன்று வால்வு வந்ததால்தான் பாஸ்குரல்கூட இழுபறியில்லாமல் ஓடுகிறது.

1993-இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு பார்டோக், பார்பர் ஆகியோரின் இசையை எடுத்துக்கொண்டு வந்தது. கைதட்டல் வாங்கும் இடங்களையெல்லாம் வேண்டுமென்றே தவிர்த்த நிகழ்ச்சி. அரங்கங்களில் கூச்சல் போட்டார்கள். இறுதிப் போட்டியில் கடெட்ஸிடம் பத்தில் ஒரு புள்ளியில் தோற்றது. அதோடு போட்டியிலிருந்தே விலகியது. அந்தக் குழுவிலிருந்து கிளைத்த 'பிளாஸ்ட்!' மேடை நிகழ்ச்சி 2001-இல் டோனி விருது வாங்கியது. அன்று கூச்சல் போட்டவர்களின் பிள்ளைகள் இன்று அந்த 1993 நிகழ்ச்சியின் காணொளியைப் பாடமாகப் பார்க்கிறார்கள்.

"அப்புறம் சிந்தசைசர் மட்டும் ஏன் பிடிக்கலை?" என்று மடக்கினாள்.

2004-இல் முன்வரிசைத் தாளவாத்தியங்களுக்கு மைக் அனுமதித்தபோது வரவேற்றேன். மாரிம்பாவை மென்மையான குச்சியால் வாசித்தும் மேல்வரிசை வரை கேட்கச் செய்ய வேறு வழியில்லை. 2009-இல் வந்த மின்னணு வாத்தியங்கள்தான் உறுத்துகின்றன. எண்பது பேர் மூச்சைத் திரட்டி உச்சத்துக்கு ஊதும் இடத்தில், அடியில் ஒரு பாஸ் ஒலியை ஒலிபெருக்கி வழியே தள்ளுகிறார்கள். இருக்கை அதிர்கிறது. அந்த அதிர்வில் எவ்வளவு பிள்ளைகளுடையது, எவ்வளவு இயந்திரத்துடையது? எனக்குத் தெரிய வேண்டும். அவர்கள் சம்பாதித்ததை அவர்களிடமிருந்தே நான் கேட்க வேண்டும். 2014-இல் புளூகோட்ஸ் குழு சிந்தசைசரில் சுருதியை வளைத்து, பித்தளையும் கூடவே வளைந்ததே, அது வேறு. அங்கே கருவி கற்பனைக்கு உதவியது. மூடிய கூரைக்குக் கீழ் சத்தத்தைக் கூட்ட மட்டும் அதைப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

"நாளைக்குக் கவனிச்சுக் கேக்கறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 9, நள்ளிரவு தாண்டி

பாஸ்டன் க்ரூசேடர்ஸ்! 1940-இல் தொடங்கிய குழு. இந்தப் போட்டியில் இதுதான் முதல் பட்டம். பண நெருக்கடியில் தத்தளித்த ஆண்டுகளிலும் அவர்கள் களத்துக்கு வருவதைப் பார்த்தவன் நான். மதிப்பெண் அறிவித்ததும் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

கடெட்ஸ் இல்லாத இறுதிப் போட்டி. 1934-இல் கார்ஃபீல்ட் நகரத்து ஹோலி நேம் தேவாலயத்தில் பிறந்து, பத்து முறை பட்டம் வென்று, 2024-இல் மூடப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முந்தைய பாலியல் வன்கொடுமைப் புகார் ஒன்றின் வழக்குச் செலவைத் தாங்க முடியவில்லை என்றது நிர்வாகம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிப் பாணியிலான அந்த அரக்குநிறச் சட்டையை இனிப் பார்க்க முடியாது என்பது வலிக்கிறது. ஆனால் புகார் சொன்னவர் மேல் எரிச்சல்படும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளை நம்பி ஒப்படைக்கும் அமைப்பு இது. சட்டையின் பழமையை அந்த நம்பிக்கைக்கு மேல் வைக்க முடியாது.

ஆகஸ்ட் 10, வீடு திரும்பும் வழியில்

ஒஹையோவில் ஒரு காபிக் கடையில் எழுதுகிறேன். பேத்தி காரின் பின் இருக்கையில் தூங்குகிறாள்.

வால்வைப் பற்றியும் மைக்கைப் பற்றியும் நாற்பது வருடமாகச் சண்டை போடுகிறோம். அதைவிடப் பெரிய மாற்றம் சந்தடியில்லாமல் நடந்துவிட்டது. 1972-இல் விஸ்கான்சின் வைட்வாட்டரில் முதல் டிசிஐ சாம்பியன்ஷிப் நடந்த காலத்தில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான குழுக்கள். தேவாலயம் நடத்தும், முன்னாள் படைவீரர் சங்கம் நடத்தும்; ஆலைத் தொழிலாளியின் மகன் தெருமுனைக்கு நடந்துபோய்ச் சேர்ந்துகொள்வான். வாத்தியமும் அங்கேயே கிடைக்கும். இன்று இளைஞர்களுக்கான இரண்டு பிரிவுகளையும் சேர்த்தாலும் ஐம்பது தேறாது. ஒரு குழுவில் அன்று அதிகபட்சம் 128 பேர். இப்போது 150-ஐத் தாண்டியாயிற்று. டெக்சாஸ் பிள்ளை கலிஃபோர்னியாக் குழுவுக்கு விமானத்தில் பறக்கிறான். கோடைக் கட்டணம் பல ஆயிரம் டாலர். களமிறங்குபவர்கள் முன்னைவிடத் திறமைசாலிகள், அதில் சந்தேகமேயில்லை. யாரால் களமிறங்க முடிகிறது என்பதுதான் சுருங்கிவிட்டது.

செப்டம்பர் 14

பேத்தி ஒரு குழுவின் நவம்பர் தேர்வு முகாமுக்குப் பதிவு செய்துவிட்டாள். அவள் அப்பா பணம் கட்டிவிடுவான், அதில் கவலையில்லை.

சில வாரங்களுக்கு முன் அவள் பள்ளியில் டியூபா வாசிக்கும் பையனைப் பற்றிச் சொன்னாள். அவளைவிட நன்றாக வாசிப்பானாம். கோடையில் மளிகைக் கடையில் வேலை; அந்தச் சம்பளம் வீட்டுக்கு வேண்டும். அதனால் விண்ணப்பிக்கப் போவதில்லை என்றிருக்கிறான்.

அவன் பெற்றோரைப் போய்ப் பார்த்தேன். தேர்வானால் கட்டணம் என் பொறுப்பு என்றேன். அவன் அம்மா சம்பளத்துக்கும் வழி கேட்டார், சரியான கேள்வி. இங்குள்ள பழைய கோர்க்காரர்கள் சிலரிடம் பேசினேன். மூன்று பேர் பங்கு போட ஒப்புக்கொண்டார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

அவன் வாசிப்பில் குறையில்லை, நடையில்தான் இருக்கிறது என்கிறாள் பேத்தி. பின்னோக்கி நடக்கும்போது குதிகால் தரையில் இடிக்கிறது. தோளில் இருக்கும் டியூபா ஆடி, சுருதியும் சேர்ந்து ஆடுகிறது. சனிக்கிழமை காலைகளில் பள்ளி மைதானத்தில் அவனுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிறாள். மெட்ரோநோம் ஒலிபெருக்கியை என் காரில் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறாள்.