வாய் ஒண்ணுதான்

சத்தியமங்கலம் வீட்டில் அப்புச்சியின் ஜன்னல் திட்டில் இரண்டு பித்தளைத் தோட்டாக் கூடுகள் நிற்கும். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. அம்மாயி அவற்றில் ஊதுபத்தி செருகி வைப்பாள். சின்ன வயதில் இரண்டின் வாயிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பேன். ஒரே மாதிரிதான் இறுகும்.

"ரெண்டும் ஒண்ணுதானுங் அப்புச்சி?"

"வாய் ஒண்ணுதான் கண்ணு. போற ஆழம் வேற."

கல்லூரி நாட்களில் தோட்டா அட்டவணைகளைப் படிக்கிற கிறுக்கு பிடித்தபோதுதான் அது புரிந்தது. குட்டையானது .405 வின்செஸ்டர், 1904இல் வந்தது. நெட்டையானது .450/400 மூன்று அங்குலம், ஜெஃப்ரி கம்பெனி 1902இல் கொண்டுவந்தது. இரண்டின் குண்டுக்கும் விட்டம் ஏறக்குறைய 10.4 மில்லிமீட்டர். ஆனால் குட்டையின் குண்டு 300 கிரெயின், அதாவது 19 கிராம் சொச்சம். நெட்டையினுடையது 400 கிரெயின், 26 கிராம். வேகம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, நொடிக்கு 2,100, 2,200 அடி. அகலம் மாறாமல் எடை கூடினால் குண்டு நீளமாகும். நீளமான குண்டு தோலையும் சதையையும் எலும்பையும் தாண்டி உள்ளே போகும்.

ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு .405ஐக் கொண்டுபோனார். சிங்கத்துக்கு அதை மெச்சியவர், யானைக்கென்று பெரிய இரட்டைக்குழல் ஹாலண்ட் ரைஃபிளையும் சேர்த்தே எடுத்துப் போனார். நம் பக்கத்துக் காடுகளில் புலி, சிறுத்தை பின்னால் அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்ததும் .405தான். அந்தப் பெயருக்காகவே அப்புச்சி ஒரு எஸ்டேட்காரரிடம் அதைப் பழையதாக வாங்கினார். நெட்டைத் தோட்டா அவருடைய கூட்டாளியின் துப்பாக்கிக்கானது.

அறுபதுகளில் லைசென்ஸோடு இரண்டு பேரும் பர்கூர் மலைக்குப் போனார்கள். எதிரே ஒரு காட்டெருமைக் கடா. ஒரு டன்னை நெருங்கும் உடம்பு. "நீ இரு, நான் சுடறேன்" என்றாராம் கூட்டாளி. அப்புச்சி கேட்கவில்லை. தோளில் சுட்டார். மெத்தென்ற ஈயமூக்குக் குண்டு எலும்பில் பட்டுக் காளானாக விரிந்து அங்கேயே நின்றிருக்க வேண்டும். கடா முழங்கால் மடங்கி விழுந்தது, எழுந்தது, மூங்கிலுக்குள் போய்விட்டது.

இரண்டு நாள் ரத்தத் தடம் பார்த்து நடந்தார்கள். மூன்றாம் நாள் மழை.

இதை அவர் என்னிடம் சொன்னது கடைசி வருடத்தில். "செத்துதா பொழைச்சுதான்னே தெரியல கண்ணு. எத்தன நாள் நின்னுட்டிருந்துதோ." 1972ஆம் வருடத்துச் சட்டம் வருவதற்கு முன்பே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். கூடுகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஜிம் கார்பெட் 1907இல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். 436 பேரைக் கொன்றது என்பார்கள். அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்டுத் தப்பவிட்ட காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது என்கிறார் கார்பெட். இன்றைக்குத் துப்பாக்கிகூட வேண்டியதில்லை. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் கோவைக் காடுகளில் தின்ன முடியாமல் செத்திருக்கின்றன.

போன தை மாதம் மாமன் மகன் கூப்பிட்டான். மக்காச்சோளக் காட்டில் பன்றி புகுந்து பாதியை உழுது போட்டிருந்தது. அவன் கோபத்தில் தப்பில்லை. கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை.

"அப்பாரு துப்பாக்கி மட்டும் இப்ப இருந்திருந்தா, ஒரே அடி. அது எவ்வளவு பெரிய தோட்டா மாப்ள?"

அளவைச் சொன்னேன். பிறகு பர்கூர்க் கடாவையும் சொன்னேன். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்பறம்?"

"மழ பேஞ்சுது மச்சா" என்றேன்.