நாலு மணித்தியாலக் கரண்ட்

2022 ஏப்ரலில் எங்கட வீட்டுக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. எந்தெந்த நேரம் கரண்ட் நிற்கும் என்று அம்மா பேனையால் எழுதி வைத்த பட்டியல். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். பிறகு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் பகலில் எங்களுக்குத் தொடர்ச்சியாகக் கிடைத்த ஆக நீளமான நேரம் நாலு மணித்தியாலம்தான்.

எனக்கு அந்த நாலு மணித்தியாலம் காணாமல் இருந்தது. அம்மம்மா கதை சொல்லுவதை ஃபோனில் எடுத்து இருபது நிமிசப் படமாக வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். அதை வெளியே எடுக்க எங்கட கொம்பியூட்டருக்கு ஐந்து மணித்தியாலம் வேண்டும். முதல் தடவை எண்பது வீதத்தில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ்ஸின் பற்றரி செத்து இரண்டு வருசம். புதுக் கொம்பியூட்டர் பற்றி வீட்டில் வாய் திறக்க ஏலாது. டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

இரவில் ஓடவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கொம்பியூட்டர் இருப்பது அம்மம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அதன் விசிறி போடுகிற சத்தத்துக்கு அவ நித்திரை கொள்ளமாட்டா. அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கொம்பியூட்டர் அண்ணாவினுடையது. கனடா போகும்போது விட்டுவிட்டுப் போனது. உள்ளே இருந்தது இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600. 2007இல் வந்த, நாலு கோர் உள்ள ப்ரொசெசர். பழசுதான், ஆனால் ஓவர்குளொக் செய்கிற ஆட்களிடம் அதற்குப் பெரிய பேர். அதிலும் ஜீ0 என்கிற பிந்திய வகை, மேலே எஸ்எல்ஏசிஆர் என்று அடித்திருக்கும், குறைய சூடாகும் என்று தேடி வாங்குவார்களாம். மூடியைக் கழற்றி, காய்ந்து போயிருந்த தேர்மல் பேஸ்டைத் துடைத்துப் பார்த்தேன். எஸ்எல்ஏசிஆர். எனக்கு லொத்தர் விழுந்த மாதிரி இருந்தது.

கணக்கு லேசானது. இந்த ப்ரொசெசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம்: பஸ் வேகம் 266 மெகாஹேர்ட்ஸ், மல்டிப்ளையர் 9. பெருக்கினால் 2.4 கிகாஹேர்ட்ஸ். மல்டிப்ளையரை 9க்கு மேல் ஏற்ற விடாமல் பூட்டியிருக்கிறார்கள். ஆகவே பஸ்ஸைத்தான் ஏற்றவேண்டும். 333 ஆக்கினால் 3.0 வரும், ஐந்து மணித்தியாலம் நாலாகும், ஆனால் ஒரு நிமிசமும் மிஞ்சாது. 356 ஆக்கினால் 3.2. அப்போது மூன்றே முக்கால் மணித்தியாலம். நான் 3.2ஐப் பிடித்துக்கொண்டேன்.

பஸ்ஸை ஏற்றினால் அதோடு சேர்ந்து ராமும் ஏறும் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. 800இல் ஓடவேண்டிய டிடிஆர்2 ராம் 1068க்குப் போய்விட்டது. திரை கறுப்பு. பீப் சத்தம்கூட இல்லை. போர்டில் இருக்கிற சின்ன வட்டப் பற்றரியைக் கழற்றி, பத்து நிமிசம் வியர்த்துக்கொண்டு இருந்து, திரும்பப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. இரண்டாம் தரம் ராமின் விகிதத்தை ஒன்றுக்கு ஒன்று ஆக்கினேன். ராம் 712க்கு இறங்கிவிட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸை 100இல் பூட்டினேன். வோல்டேஜை 1.25இல் இருந்து 1.35 ஆக்கினேன். விண்டோஸ் வந்தது.

பிரைம்95 என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பெரிய பெரிய பகா எண்களைத் தேடுவதற்கு எழுதினது. ப்ரொசெசரைப் பிழிந்து எடுப்பதால், சோதிக்கவும் எல்லாரும் அதையே பாவிப்பார்கள். பத்து நிமிசம் ஓடவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஸ்டேபிள்" என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். அடுத்த நாள் கரண்ட் வந்த கையோடு படத்தைப் போட்டேன். மூன்று மணித்தியாலம் ஐம்பது நிமிசத்தில் முடிந்தது. ஒரு இடத்தில் அம்மம்மாவின் தோளில் பச்சையாக ஒரு சதுரம் மின்னி மறைந்தது. ஃபோன் கமராவின் பிழை என்று விட்டுவிட்டேன்.

அந்தப் புளுகத்தில் இரண்டாவது படத்துக்கு இன்னும் ஐந்து துண்டுகள் எடுத்தேன். அதில் ஒன்றில் அம்மம்மா முதன்முதல் யாழ்தேவியில் கொழும்புக்குப் போனதைச் சொல்லுவா. அழுகிற கைக்குழந்தைக்கு, அது என் பெரியம்மா, ரயிலுக்குள்ளேயே தாலாட்டுப் பாடினதாகச் சொல்லி, அதைக் கமராவுக்கும் பாடிக் காட்டினா. நான் அவவிடம் அதற்கு முதல் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை.

அண்ணாவுக்கு அனுப்ப ஐந்தையும் ஒரே சிப் கோப்பாகக் கட்டினேன். கட்டி முடிந்ததும் மூலக் கோப்புகளை அழிக்கச் சொல்லி ஒரு சரி போட்டேன், ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை. ஃபோனிலும் இடமில்லை, அங்கேயும் அழித்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணா கோல் எடுத்தான்.

"டேய், மூண்டுதான் திறக்குது. ரெண்டு சிஆர்சி எரர் எண்டு வருது. திருப்பி அனுப்பு."

என்னிடம் இருந்த கோப்பைத் திறந்தேன். அதே இரண்டு. அதே எரர்.

"ஓவர்குளொக் ஏதும் செய்தனியோ?"

நான் கதைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் ரெஸ்ட் பண்ணினனி?"

"பத்து நிமிசம்."

அண்ணா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "தம்பி, ஓடுறது வேற, சரியா ஓடுறது வேற" என்று மட்டும் சொன்னான்.

வோல்டேஜ் காணாத ப்ரொசெசர் எப்போதும் நின்றுபோகாது. சிலவேளை கணக்கில் ஒரு பிட்டை மாற்றிப்போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்ந்து ஓடும். நீலத் திரை வந்தால் அதிர்ஷ்டம், பிழை தெரிந்துவிடும். எனக்கு அது பச்சைச் சதுரமாக வந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. சிப் கோப்பு கட்டும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை எழுதி வைக்கும். திறக்கும்போது அந்த எண்ணும் உள்ளே இருப்பதும் ஒத்துவராவிட்டால்தான் அந்த எரர்.

அன்றைக்குப் பின்னேரம் பிரைம்95ஐ ஒழுங்காக ஓடவிட்டேன். நாற்பத்தேழாவது நிமிசம் மூன்றாவது கோர் நின்றது: 0.4க்குக் குறைய வரவேண்டிய பிழை 0.5 வந்திருக்கிறதாம். பயோஸில் நான் 1.35 கொடுத்திருந்தாலும், சுமை ஏறினதும் சிபியு-இசட் 1.28 என்று காட்டியது. போர்டு அவ்வளவு விழுத்துகிறது. இன்னும் கூட்டலாம்தான். ஆனால் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடி சூடு கூடும். 2.4இல் இருந்து 3.2க்கு வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுது, 1.35இல் மின்செலவோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஏப்ரல் வெயிலில் கோர்கள் எண்பது பாகையைத் தாண்டி நின்றன. 3.0க்கு இறங்கினேன். 333, 9, 1.3125. எழுபதுக்குள் அடங்கியது.

இதைச் சரிபார்க்க நாலு மணித்தியாலம் காணாது, ஒரு முழு இரவு வேண்டும். அம்மம்மாவிடம் போய், "இண்டைக்கு மட்டும் அம்மாவோட படுக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, அங்கதான் காத்தும் வருது" என்று தலகாணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

அவ்வளவுதான். முதல் நாளே இதைக் கேட்டிருந்தால் 2.4லேயே இரவோடு இரவாகப் படம் முடிந்திருக்கும். கரண்டைச் சாட்டினேன், டொலரைச் சாட்டினேன், அம்மம்மாவின் நித்திரையையும் சாட்டினேன். உண்மையில் எனக்கு ஓவர்குளொக் செய்து பார்க்க ஆசை. அந்த ஆசையில் பிழையில்லை. அதை அவவின் குரல் இருந்த மெசினில் செய்து பார்த்ததுதான் பிழை.

பிரைம்95 விடியும்வரை ஏழு மணித்தியாலம் ஓடியது, பிழை இல்லை. அதற்குப் பிறகு மெம்டெஸ்டையும் ஓடவிட்டேன். அந்தக் கொம்பியூட்டர் இன்றைக்கும் 3.0இல்தான் ஓடுகிறது.

உங்களிடமும் ஒரு பழைய மெசின் இருந்தால் தாராளமாகச் செய்து பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், வோல்டேஜை "ஓட்டோ"வில் விடாதீர்கள், போர்டு தன்ரபாட்டில் தேவைக்கு மேல் கொடுக்கும். சூட்டைப் பாருங்கள். ஆனால் தொடங்க முதல், திரும்ப எடுக்க ஏலாத எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் கொப்பி பண்ணி, அந்தக் கொப்பியைத் திறந்தும் பாருங்கள்.

யாழ்தேவிக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லி அம்மம்மாவைக் கேட்டேன். "அதைத்தான் அண்டைக்கே சொல்லிப்போட்டனே" என்றா. பிறகு சொன்னா. பெட்டி, சனம், வாழையிலையில் கட்டின புட்டு, எல்லாம் வந்தது. குழந்தை அழுத இடத்தில் நிப்பாட்டிக் கொஞ்ச நேரம் வாயை அசைத்துப் பார்த்தா.

"அண்டைக்கு வந்தது. இப்ப வருகுதில்லையடா."

இரண்டாவது படத்தில் அந்த இடத்தை நான் வெட்டவில்லை.