உட்கார ஓரிடம்

நண்பர்களாகிய நாங்கள் நான்கைந்து பேர், மாதத்தில் ஒரு மாலையாவது தியாகராய நகரில் கூடுவதுண்டு. புத்தகம் வாங்கப் போகிறோம் என்பது வீட்டில் சொல்லும் காரணம், பேசுவதற்குத்தான் போகிறோம். பேசுவதென்றால் உட்கார வேண்டும். பல ஆண்டுகளாக அந்தப் பேட்டையில் காசு கொடுக்காமல் உட்காரப் பனகல் பூங்காவையும் நடேசன் பூங்காவையும் விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இருந்ததில்லை. (அசோகமித்திரன் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதியவர் என்பது வாசகர்கள் அறிந்ததே.) உணவகத்திலோ, இரண்டாவது காப்பி முடிந்ததும் மேசையைத் துடைக்க ஆள் வந்துவிடுவார்.

ஆகவே 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் புதிய நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். வண்டிகளுக்கான சாலை ஒடுங்கிற்று, நடப்பவர்களுக்கான இடம் அகன்றது, இருக்கைகள் வந்தன. காரை எங்கே நிறுத்துவது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்கள் கவலை பொய்யல்ல. ஆயினும், எதையும் வாங்காமல் வேடிக்கை பார்த்தபடி ஒரு கிழவரும் கிழவியும் கடைத்தெரு நடுவே அமர்ந்திருக்கும் காட்சியை அதற்கு முன் நாங்கள் அங்கே கண்டதில்லை.

ஆனால் இருக்கை மட்டும் போதுமா? கல்யாணத்துக்குச் சேலை எடுக்க விழுப்புரத்திலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வரும் குடும்பங்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. எங்களில் ஒருவரின் தாயார், தீபாவளிச் சந்தடியில் காலை பத்து மணி முதல் மாலை வரை ஒரு மடக்கு நீர்கூட அருந்தாமல் சுற்றினார். தாகமில்லை என்றார். கழிப்பறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கடையில் கேட்கக் கூச்சம். அன்றிரவு பேருந்தில் தலைவலியோடு ஊர் திரும்பினார். அவரைப் போன்றவர்களின் பணத்தில்தான் அந்தத் தெரு மினுங்குகிறது. சுத்தமான கழிப்பறையும், அதற்கு வழிகாட்டும் பெரிய எழுத்துப் பலகையும், நண்பகலில் நிழல் விழும் இருக்கையும் அழகுக்காகக் கேட்கப்படுபவை அல்ல.

2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். மூட்டை முடிச்சுடன் வருபவருக்கு உபகாரம்தான். என்றாலும் நடப்பவரை மேலே ஏற்றிவிட்டுத் தரையை அப்படியே விட்டுவிடுவது பாதித் தீர்வு என்றே தோன்றுகிறது.

எங்களுக்குள் சண்டை மூண்டது வேறொரு விஷயத்தில். பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளை 2013இல் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். நடைபாதை நடப்பவருக்கே என்றார் ஒரு நண்பர். நெரிசலில் கைக்குழந்தையோடு அல்லாடியவர் அவர். இன்னொருவர் கேட்டார்: வளையலும் ஊக்கும் வாங்க மாடியேறிப் போகிறவர் யார்? போகிற போக்கில் கண்ணில் பட்டால் வாங்கும் பொருள் அல்லவா அது? இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்பதால் விவாதம் அன்று நெடுநேரம் நீண்டது.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று ஆலோசிக்கும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். அகன்ற நடைபாதையில் கோடு போட்டுச் சிறு சிறு இடங்களை அளந்து கொடுத்தால் நடப்பவருக்கும் வழி மிஞ்சும் என்பது எங்கள் துணிபு. கைக்குழந்தை நண்பர் இன்னும் ஒப்பவில்லை. எத்தனை அடி அகலம் விடுவீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில் என்கிறார். அடுத்த மாதம் அளவு நாடாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.