டேங்க் நிறைஞ்சிருந்தா துரு வராது!

2018 நவம்பர் 16 கஜா புயலில் ஆலங்குடி பக்கம் எங்கள் தென்னைகள் சாய்ந்தன. வேலையின்றி மாதக்கணக்கில் கிடந்த அப்பாவின் பழைய டிராக்டர், உழவுக்கு எடுத்ததும் பாதி வயலிலேயே நின்றது. டீசல் ஃபில்டர் முழுக்கத் துருத்தூள்.

பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராகும். டீசலைவிடக் கனமான நீர், அடியில் தங்கி இரும்பை அரிக்கும்.

மெக்கானிக் டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவினார். வினிகரில் ஒருநாள் ஊறவிட்டு, நட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். சமையல் சோடா கரைசலில் அலசி, காயவைத்து, உடனே உள்ளே டீசல் பூசினார். ஃபில்டரையும் மாற்றினார்.

“ஓட்டை விழுந்தா அவசரப்பட்டு வெல்டிங் வைக்காதீங்கண்ணே, உள்ள இருக்கற ஆவி வெடிச்சிரும்” என்றார்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததுமே அப்பா டேங்கை நிரப்பிவிடுகிறார். புது வண்டி வாங்க வசதியில்லாத எங்களுக்கு, இது ஓடினால்தான் உழவு.