இறங்காத சைக்கிள்

போன மாதம் ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். டிவியில் சந்திரபாபு ஆடிக்கொண்டிருந்தார். 1959-ல் வந்த ‘சகோதரி’ படம். பால்காரர் வேஷம். தன்னை முட்டாள் என்று தானே ஊருக்கு அறிவித்துக்கொள்ளும் பாட்டு. டீ ஆற்றிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. பாதியில் கிளாஸை வைத்துவிட்டு, ‘யாரு சார் இவரு, உடம்புல எலும்பே இல்லையா?’ என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை, இதே பாட்டுக்கு, வேறொரு மனிதரைப் பார்த்து ஊரே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மரக்காணத்தில் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. கோடைதான் உப்பு விளையும் காலம். பெரியவர்கள் எல்லோரும் விடியும் முன்பே பாத்திக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் மூடியதும் வீட்டில் தனியாக இருக்கும் என்னைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றி அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் அம்மா. அத்தையைக் கட்டிக் கொடுத்த ஊர் இடையஞ்சாவடி. செம்மண்ணும் முந்திரித் தோப்புமான ஊர். பக்கத்திலேயே ஆரோவில். உப்புக் காற்றில் வளர்ந்த எனக்கு முந்திரிப்பழ வாசனை என்றாலே லீவு என்று அர்த்தம்.

1982 கோடையில் அந்த ஊருக்கு ஒரு சைக்கிள்காரர் வந்தார். ஏழு நாள், இரவும் பகலும், காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிள் ஓட்டுகிற வித்தை. அப்போதெல்லாம் ஊருக்கு ஊர் வருவார்கள். நடுவில் மூங்கில் கம்பம், நாலு டியூப்லைட், ஒரு ஒலிபெருக்கி. சைக்கிளிலேயே குளிப்பார். சைக்கிளிலேயே முகச்சவரம் செய்துகொள்வார். அத்தை நீட்டுகிற கூழ்ச் சொம்பை ஒரு சுற்றில் வாங்கி, மறு சுற்றில் காலி செய்து திருப்பித் தருவார். சாயங்காலமானால் நெஞ்சில் டியூப்லைட்டை உடைத்துக்கொள்வார். பெண்கள் கண்ணை மூடிக்கொள்ளும்போது, ‘எனக்கு ஒண்ணும் ஆவல, லைட்டுக்குத்தான் அடி’ என்பார். கூட்டம் குலுங்கும்.

கடைசி அயிட்டம் சந்திரபாபு பாட்டு. ஓடுகிற சைக்கிளின் சீட்டில் ஏறி நின்று, காலை வளைத்து, இடுப்பை ஒடித்து ஆடுவார். கீழே விழப்போகிற மாதிரி சாய்ந்து, மண்ணைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார். மைக்கில் அவருடைய கூட்டாளி, ‘எலும்பே இல்லாத மனிதர்!’ என்று கத்துவார். சட்டையில் ஒரு ரூபாய் நோட்டு குத்துவார்கள்.

எங்கள் பையன்கள் கூட்டத்துக்கு ஒரு சந்தேகம். ‘ராத்திரில எறங்கித் தூங்கிடுவான்டா.’ நாலணா பந்தயம். கையும் களவுமாகப் பிடிக்க நாலாம் நாள் ராத்திரி நான் எழுந்து போனேன்.

மைதானம் இருட்டாகக் கிடந்தது. ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. கூட்டாளி கம்பத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முகம் விளக்குக்கு வரும்போது பார்த்தேன். அது நான் பார்த்த முகமே இல்லை. கன்னம் ஒட்டி, கண் சொருகி, எதற்கோ கெஞ்சுகிற மாதிரி. தன் கன்னத்தில் தானே பளீர் பளீரென்று அறைந்துகொண்டார்.

அடுத்த சுற்றில் என்னைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அந்த முகம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி, ஒரு சல்யூட் வைத்தார். நான் சிரித்துவிட்டேன்.

‘இன்னா தம்பி, எறங்கிட்டனான்னு பாக்க வந்தியா?’

‘தூக்கம் வர்லியா அண்ணே?’

‘வரும். தூங்குனா வுழுந்துடுவேன்.’

‘வுழுந்தா எல்லாரும் சிரிப்பாங்கல்ல?’

இன்னொரு சுற்று சுற்றி வந்து பதில் சொன்னார். ‘நானா வுழுந்தாத்தான் தம்பி அது சிரிப்பு. தானா வுழுந்தா வேற.’

ஏழாம் நாள் அவர் தானாக விழுந்தார். அதே பாட்டு. சீட்டில் நின்று சாய்ந்தவர் எழவில்லை. தோள் தரையில் மோதிய சத்தம் முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. கூட்டம் அப்படிச் சிரித்தது. ஏழு நாளில் அதுபோல் சிரித்ததே இல்லை. நானும் கைதட்டிச் சிரித்தேன். அவர் எழுந்து இடது கையால் கும்பிடு போட்டு, சைக்கிளில் ஏறி, ஒற்றைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினார். அதற்கும் கைதட்டல்.

அத்தை மட்டும், ‘ஐயோ, அந்தாளு கை தொங்குதுடா’ என்றாள்.

தோள் எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் துண்டில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கூட்டாளி சைக்கிளைத் தள்ள, அவர் நடந்து போனார். ஏழு நாளில் அவர் நடந்து நான் பார்த்தது அன்றுதான். என்னைப் பார்த்ததும் கண்ணை உருட்டினார். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை.

பிற்பாடு சந்திரபாபுவின் கதையைப் படித்தபோதெல்லாம் இந்த மனிதர் குறுக்கே வந்தார். 1927-ல் தூத்துக்குடியில் பிறந்த ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகோதான் சந்திரபாபு. அப்பா சுதந்திரப் போராட்டத்தில் சொத்தை இழந்தவர். குடும்பம் கொழும்புக்குப் போய், திரும்பி சென்னைக்கு வந்தது. சினிமாவில் தலைகாட்டியும் வாய்ப்பு அமையாமல், 1952-ல் ஜெமினி ஸ்டூடியோ வளாகத்திலேயே விஷம் குடித்தார். பிழைத்ததும் வழக்கு. கோர்ட்டில் காரணம் கேட்டபோது, ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையைச் சுட்டுக்கொண்டாராம். நான் சுட்டுக்கொண்டதுதான் உங்களுக்குத் தெரியும், அந்தச் சூடு தெரியாது என்கிற பொருளில் பேசினாராம். எச்சரித்து அனுப்பினார்கள். அதே ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அந்த ஆண்டே நடித்தார்.

அப்புறம் ஒரு பத்து வருஷம் தமிழ்நாடே அவரைப் பார்த்துச் சிரித்தது. ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடம். மேற்கத்திய பாணியில் குரலைச் சுழற்றுகிற ‘யோடலிங்’கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் முன்னால் பாடிவிட்டு, அவர் ரசித்த சந்தோஷத்தில் மடியிலேயே போய் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக் கொஞ்சினார் என்று சொல்வார்கள். சீட்டில் ஏறி நிற்கிற துணிச்சல்தான் அதுவும்.

‘மாடி வீட்டு ஏழை’ என்று ஒரு படம் தொடங்கினார். பாதியில் நின்றது. ஆசையாகக் கட்டிய வீடு கடனில் போனது. தானே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ 1966-ல் வந்தது, ஓடவில்லை. 1974 மார்ச் 8-ல் இறந்தபோது வயது 46. அவர் விருப்பப்படி, நண்பர் எம்.எஸ்.விஸ்வநாதன் வீட்டில் உடலை வைத்திருந்து எடுத்துப் போனார்கள்.

அவர் நானாக விழுந்தது எத்தனை, தானாக விழுந்தது எத்தனை? பார்த்துக்கொண்டிருந்த நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இரண்டுக்கும் கை தட்டினோம்.

மழை விட்டிருந்தது. பாட்டு முடியப்போகிறது.

‘சொல்லுங்க சார், எலும்பு இருக்கா இல்லியா?’

‘இருக்கு தம்பி’ என்றேன். அவன் காதில் விழவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் அது அவருக்குப் பிடித்திருக்காது.