தாளில் ஏறும் சாயம்

மார்ச் 20, 2020, ரிங்லெட்

கொரோனா பரவலால் மலேசியாவில் நேற்று முன்தினம் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 31ஆம் தேதி வரை என்கிறார்கள். பள்ளிகள் அடைப்பு. பாடம் இணையத்தில் வரும் என்று சொல்வது கோலாலம்பூரில் எளிது. கேமரன் மலைத் தோட்டப்புறத்தில் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அலைவரிசை மாறும். வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தால் அதுவும் வேலைக்குப் போகிறவர் சட்டைப்பையில் இருக்கும். முதலில் அடிபடப் போவது அறிவியல்தான். கணக்கை மனத்தில் போடலாம், கதையை வாயால் சொல்லலாம், சோதனைக்கு மட்டும் கூடம் வேண்டும் என்பது பொதுவான நினைப்பு. அந்த நினைப்பு நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 27

சந்தைக்குப் போக வழியில்லாமல் மலைக் காய்கறிகளைக் கொட்டுகிறார்கள். வேறெதுவும் எழுத மனமில்லை.

ஏப்ரல் 8

திங்கள் முதல் தொலைக்காட்சியில் கல்வி ஒளிபரப்பு. நல்லதுதான். ஆனால் சோதனையைப் பார்ப்பது வேறு, செய்வது வேறு. ஒரு கீற்று டிஷ்யூ, கொஞ்சம் தண்ணீர், நீரில் கரையும் கறுப்பு மை: இந்த மூன்றும் இல்லாத வீடு அரிது. கீற்றின் அடிப்பக்கம் மைப்புள்ளி வைத்து, புள்ளிக்குக் கீழே உள்ள நுனி மட்டும் நனையும்படி நிறுத்தினால், தண்ணீர் தாளின் இழைகளுக்கிடையே ஏறும்; கறுப்பு, நீலமாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பிரியும். தாளின் இழையை அதிகம் பற்றிக்கொள்ளும் சாயம் பின்தங்கும், தண்ணீரோடு அதிகம் ஒட்டுவது முன்னே ஓடும். வண்ணப்பிரிகை என்பது இவ்வளவுதான். லீட்ஸ் நகரின் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் வடிதாளைக் கொண்டு அமினோ அமிலங்களைப் பிரித்துக் காட்டியது 1944இல். இந்த முறைக்கு அடித்தளமிட்டதற்காக மார்ட்டினும் சிஞ்சும் 1952இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்சுலினின் அமைப்பைக் கண்டறிய உயிர்வேதியியலாளர் சாங்கருக்கும் தாள் வண்ணப்பிரிகை கைகொடுத்தது. அப்போதும் விலை மலிந்த கருவி தாள்தான்.

ஏப்ரல் 12

இந்தத் தாள் சோதனை வேடிக்கை, அறிவியல் அல்ல என்று ஒரு மறுப்பு வரும். எரிச்சலூட்டும் மறுப்பு, ஏனென்றால் அதில் பாதி உண்மை. வண்ணம் பிரிவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு எழுந்துவிட்டால் அது வேடிக்கைதான். இரண்டு நிறுவனங்களின் கறுப்பு மையை அருகருகே ஓடவிட்டு, ஒவ்வொரு நிறமும் ஏறிய தூரத்தைத் தண்ணீர் ஏறிய தூரத்தால் வகுத்துப் பார்த்தால் கதை மாறும். அந்த விகிதத்தை வைத்து இரண்டு மையும் ஒன்றா வேறா என்று வாதாடலாம். அழியாத மார்க்கர் தண்ணீரில் அசையாது, ஸ்பிரிட்டில் ஓடும். அதைப் பார்க்கும் பிள்ளை ‘ஏன்’ என்று கேட்காமல் இருக்காது. (ஸ்பிரிட்டை அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.)

ஏப்ரல் 13

பயன் என்ன என்பவர்களுக்கு: தேயிலைத்தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்றறிய, வடிதாளில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்துக் கறை பார்க்கச் சொல்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

ஏப்ரல் 24

மையை விட்டுத் தேயிலைக்கு வந்தால்தான் இந்தச் சோதனை நம் மண்ணில் கால் ஊன்றும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தொண்ணூறு ஆண்டுகளாக இங்கே பச்சைக் கொழுந்து ஆலைக்குள் போய்க் கறுப்புத் தூளாக வெளிவருகிறது. தே-ஓ (பாலில்லாத தேநீர்) குவளையின் சிவப்பு எங்கிருந்து வந்தது? இலைக்குள் ஒளிந்திருந்ததா, ஆலையில் பிறந்ததா? பச்சை இலையைத் தாளில் காசால் தேய்த்து ஸ்பிரிட்டில் ஓடவிட்டால் பச்சையும் மஞ்சளும் ஏறும், சிவப்பு இராது. இங்கே ஒரு கெட்டிக்கார மறுப்பு உண்டு: கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சிவப்பு நகராமல் பச்சைக்கு அடியில் மறைந்திருக்கலாம். ஆகவே ஒரு கீற்றை நம்பக் கூடாது. கசக்கிய உடனே ஒரு கீற்று, கசக்கிக் காற்றில் சில மணி நேரம் கிடந்த இலையில் ஒரு கீற்று, கொதிநீரில் முக்கி எடுத்தபின் கசக்கி அதே நேரம் காற்றில் கிடந்த இலையில் ஒரு கீற்று, கடைத்தூளில் ஒரு கீற்று. காற்றில் கிடந்த பச்சை இலை பழுப்பேறும், வெந்த இலை பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். முன்பே இருந்த நிறமானால் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெந்நீர் அதைத் தடுத்திருக்கவும் முடியாது. நிறமற்ற கேட்டசின்கள் இலையின் நொதியாலும் ஆக்சிஜனாலும் மாறித் தியாஃபிளேவின்களும் தியாரூபிகின்களும் ஆகின்றன. வெந்நீர் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. 1950களில் தேயிலை ஆய்வாளர் ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ் இவற்றைப் பிரித்துப் பார்த்ததும் தாளில்தான். தியாரூபிகின்கள் அவருக்கும் தெளிவான புள்ளியாக விழவில்லை, கோடாக இழுபட்டன. வீட்டுக் கீற்றில் தேநீர் கலங்கலாக நின்றால் பிள்ளை மீது பழி போட வேண்டாம்.

மே 6

கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். பள்ளி மட்டும் திறக்கவில்லை.

ஜூலை 14

நாளை ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் திரும்புகிறார்கள், 22ஆம் தேதி சிறியவர்கள். விட்டுப்போன பாடத்தை விரட்டிப் பிடிக்கும் அவசரத்தில் சோதனைகள் மறுபடியும் கரும்பலகைப் படமாகிவிடும் என்ற பயம் போகவில்லை. கூடம் தயாராகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வாரமே ஆளுக்கொரு கீற்றுக் கொடுங்கள். தொடக்கக் கோட்டைப் பென்சிலால் போடச் சொல்லுங்கள். பேனாவால் போட்டால் கோடும் தண்ணீரோடு ஏறிவிடும்.